திரையில் ஓடும் உங்கள் கை

கேள்வி இது: "வயது 46. பள்ளியில் ஓவிய ஆசிரியர் என் நோட்டைப் பார்த்து 'உனக்குக் கை வராது' என்று சொன்ன நாளிலிருந்து நான் எதையும் வரைந்ததில்லை. பிள்ளையின் பாடத்துக்காக வாங்கிய டேப்லெட் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஓவியச் செயலிகளை வைத்து எனக்குள் கலைத்திறமை ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? எந்தச் செயலி நல்லது? இப்படி வரைவது ஏமாற்று வேலை ஆகாதா?"

பெரியவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதே கேள்வியைச் சொல் மாற்றி, புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். 'கை வராது' என்று சொன்ன ஆசிரியரும் அநேகமாக எல்லோர் வாழ்க்கையிலும் ஒருவர் இருக்கிறார். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடிக்க முடியும். ஆனால் முடிந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதை நீங்கள் வரைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். காகிதம் முடிந்த படத்தை மட்டும்தான் கையில் கொடுக்கிறது. டேப்லெட், உங்கள் கை போன வழி முழுவதையும் பத்திரமாக வைத்திருக்கிறது.

புரோகிரியேட், ஐபிஸ்பெயின்ட் போன்ற செயலிகள் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோட்டையும் வரிசையாகப் பதிவு செய்துகொள்கின்றன. வேலை முடிந்ததும் அதை வீடியோவாக ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலானோர் இதை மற்றவர்களுக்குக் காட்டி மகிழ்வதற்கான வேடிக்கை என்றே நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் டேப்லெட்டின் முதல் பயன். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபேடில் வரையத் தொடங்கியபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. உலகப் புகழும் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவரே, தன் படம் திரையில் திரும்ப ஓடும்வரை தான் வரைவதைத் தானே பார்த்ததில்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். வரையும்போது நம் கண் பொருளின் மேலும் கோட்டின் மேலும் இருக்கிறது. கை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை.

என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். மனித முகம் வரைய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. இரண்டு மாதங்கள் முகமாகவே வரைந்தார். எல்லாம் ஒரே மாதிரி இறுகிப்போய் இருந்தன. ஒரு நாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் தோழியை வரைந்து முடித்துவிட்டு, "எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று டேப்லெட்டை மூடப் போனார். பதிவை ஓட்டச் சொன்னேன். முகம் வருகிறது, அழிகிறது, வருகிறது, அழிகிறது. இடது கண்ணை மட்டும் எத்தனை முறை அழித்திருப்பாரோ, எண்ணி முடியவில்லை. அதன் பிறகு கை ஜன்னல் திரைக்குப் போயிற்று. மேலிருந்து கீழே ஒரு நீளக் கோடு, பக்கத்தில் இன்னொன்று, மடிப்பு உள்ளே திரும்பும் இடத்தில் ஒரு சின்ன வளைவு, அதற்குள் கொஞ்சம் நிழல். ஒரு கோடுகூட அழியவில்லை. துணியின் கனம் தெரிந்தது, காற்று வரும் பக்கம் தெரிந்தது. வீடியோவில் சில நொடிகளில் ஓடிப்போன அந்தப் பகுதியை அவர் கவனிக்கவே இல்லை. முகத்தைப் பற்றிய கவலையில், ஜன்னல் திரையைச் 'சும்மா நிரப்பியிருக்கிறேன்' என்றார். இன்றைக்கு அவர் துணி, கூடை, கசங்கிய காகிதம் என்று மடிப்பும் பின்னலும் உள்ள பொருள்களை வரைகிறார். முகமும் வரைகிறார், அதையும் ஒரு மடிப்பாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு முகமும் இளகிவிட்டது.

இதைத்தான் 'கண்டுபிடிக்க முடியும்' என்றேன். திறமை என்று நீங்கள் தேடுவது, உங்களுக்கே தெரியாமல் கை சிரமமில்லாமல் போகிற இடம். கவனம் வேறெங்கோ இருக்கும்போதுதான் அது வெளியே வரும். அதைப் பிடிக்கப் பதிவு வேண்டும்.

சரி, கருவி. இதில் நிறையப் பேசுவதற்கு ஒன்றுமில்லை, ஆனால் பணம் வீணாகும் இடம் இதுதான். தொடங்குவதற்கு விரலே போதும். 'நியூயார்க்கர்' வார இதழின் 2009 ஜூன் 1 அட்டைப்படத்தை ஜோர்ஜ் கொலம்போ என்ற ஓவியர் கைபேசியில் விரலால் வரைந்தார், கையகலத் திரைதான். ஹாக்னியும் கைபேசியில் கட்டைவிரலால்தான் தொடங்கினார். விரலின் குறை, கோடு எங்கே விழுகிறது என்பதை விரலே மறைத்துவிடும் என்பது. பேனா வாங்குவதென்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நுனியில் ரப்பர் உருண்டை வைத்த பேனா, திரையைப் பொறுத்தவரை இன்னொரு விரல்தான். அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் அதற்கு ஒன்றுதான். அழுத்தத்தை உணரும் பேனா வேறு சாதி. அதில் அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், கைக்கு உயிர் வரும். ஆனால் அதை உங்கள் டேப்லெட்டின் திரையும் ஆதரிக்க வேண்டும். ஆப்பிள் பென்சில் 2015இல் ஐபேட் ப்ரோவுடன் வந்தது. எல்லா ஐபேடிலும் எல்லாப் பென்சிலும் வேலை செய்யாது. சாம்சங்கின் எஸ் பென், வாகாம் (Wacom) என்ற நிறுவனத்தின் மின்காந்த முறையில் இயங்குவதால், வரைவதற்கு அதற்குள் பேட்டரியே வேண்டியதில்லை; ஆனால் அந்த முறைக்கென்று செய்யப்பட்ட திரை இருந்தால்தான் அது பேனா, இல்லையென்றால் குச்சி. நான் ஒரு காலத்தில் 'எல்லா டேப்லெட்டுக்கும் பொருந்தும்' என்று விளம்பரம் செய்யப்பட்ட பேனா ஒன்றை வாங்கினேன். பொருந்தத்தான் செய்தது. என்ன அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு போட்டுக்கொண்டு இன்னும் என் இழுப்பறையில் பொருந்திக் கிடக்கிறது. டேப்லெட்டின் மாடல் பெயரை வைத்து, அழுத்த உணர்வு உண்டா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்குங்கள். உள்ளங்கை திரையில் பட்டால் கோடு விழாமல் இருக்க வேண்டும் என்பதையும் கூடவே பாருங்கள். இல்லாவிட்டால் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தே வரைந்து, ஒரு வாரத்தில் தோள்வலியோடு ஓவியத்தை விட்டுவிடுவீர்கள்.

செயலியைப் பொறுத்தவரை, ஐபேட் என்றால் புரோகிரியேட். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் இருக்கும் சாவேஜ் இன்டராக்டிவ் என்ற நிறுவனம் 2011இல் வெளியிட்டது. ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆண்ட்ராய்டில் அது இல்லை. அங்கே ஐபிஸ்பெயின்ட், ஸ்கெட்ச்புக், இன்ஃபினிட் பெயின்டர் இருக்கின்றன. கணினியில் பெயர்பெற்ற கட்டற்ற மென்பொருளான கிரிட்டாவின் ஆண்ட்ராய்டு வடிவமும் உண்டு, ஆனால் சின்னத் திரையில் அதன் பட்டன்களுக்கு நடுவே படத்தைத் தேட வேண்டியிருக்கும். முதல்முறை வரைபவருக்கு நான் சொல்வது ஸ்கெட்ச்புக். திரை வெறுமையாக இருக்கும், பயமுறுத்தாது. ஐபிஸ்பெயின்டின் இலவச வடிவத்தில் விளம்பரம் வரும். அதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் அதிலும் குறையில்லை. எதை எடுத்தாலும் மூன்று மாதங்கள் மாற்றாதீர்கள். செயலி மாற்றுவதே ஒரு பொழுதுபோக்கு ஆகிவிடும். என்னிடம் வந்த ஒருவர் பதினொரு செயலிகள் வைத்திருந்தார். பதினொன்றிலும் 'பெயரிடாத படம் 1' இருந்தது.

தூரிகைகளுக்கும் இதே விதி. ஒரு செயலிக்குள் நூற்றுக்கணக்கில் தூரிகைகள் இருக்கும்: இலைத் தூரிகை, மேகத் தூரிகை, முடித் தூரிகை. ஒரே தேய்ப்பில் ஒரு மரம் முளைத்துவிடும். அந்த மரம் தூரிகையைச் செய்தவருடையது. முதல் மாதம் சாதாரணப் பென்சில் தூரிகை ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். கோட்டைத் தானாக வழுவழுப்பாக்கும் வசதியும் இருக்கும். ஸ்ட்ரீம்லைன் என்றோ ஸ்டெபிலைசர் என்றோ பெயர் இருக்கும். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். கண்ணாடி வழுக்கும், கோடு நடுங்கும், நடுங்கட்டும். கையெழுத்துப் போடும்போது உங்களுக்கென்று ஒரு வேகமும் சாய்வும் இருக்கிறதல்லவா, கோட்டிலும் அது உண்டு. அது எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேண்டுமானால் வழுவழுப்பாக்கலாம். (காகிதம் போன்ற சொரசொரப்புத் தரும் ஒட்டுப்படலம் கிடைக்கிறது. கைக்குப் பிடிமானம் தரும். பேனாவின் நுனி சீக்கிரம் தேயும். எனக்குப் பிடிக்கும்.)

அடுத்தது அன்டூ, போட்ட கோட்டைத் திரும்பப் பெறும் வசதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரமும் சாபமும் ஒரே பட்டனில் இருக்கின்றன. புரோகிரியேட்டில் இரண்டு விரல்களால் திரையைத் தட்டினால் கடைசிக் கோடு மறையும். இப்படி 250 படிகள்வரை பின்னால் போகலாம். தவறு செய்யப் பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலைதான். காகிதத்தை வீணாக்குகிறோமே என்ற குற்றவுணர்வு இல்லை, கசக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் கை ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறது. கோடு போடுவதற்கு முன்பு கண்ணால் அளக்காமல், போட்டுப் பார்ப்போம், சரியில்லை என்றால் தட்டிவிடுவோம் என்று இறங்கிவிடுகிறது. போடு, தட்டு, போடு, தட்டு. ஒரு மூக்குக்கு நாற்பது முறை. கடைசியில் நாற்பத்தொன்றாவது தற்செயலாகச் சரியாக விழும். அதிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. சித்திரம் கைப்பழக்கம் என்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கண்பழக்கம், அன்டூ கெடுப்பது அந்தக் கண்ணைத்தான்.

என் வகுப்பில் முதல் பத்து நிமிடங்கள் அன்டூவுக்கு விடுமுறை. தவறான கோடு அங்கேயே இருக்கட்டும், அதன் பக்கத்தில் சரியானதைப் போடுங்கள் என்பேன். தவறு கண்ணெதிரே இருந்தால்தான் அடுத்த கோட்டுக்கு அது அளவுகோலாகும். தாங்க முடியாவிட்டால் அழிப்பானால் அழிக்கலாம். அழிப்பது கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலை என்பதால் யோசித்துத்தான் செய்வீர்கள், அதுவும் பதிவில் இருக்கும்.

இன்னொரு பொறி, பெரிதாக்கிப் பார்ப்பது. விரல்களை விரித்தால் கண் இமை திரை முழுக்க வருகிறது. ஒவ்வொரு மயிராக ஒரு மணி நேரம் வரைந்துவிட்டு, சுருக்கிப் பார்த்தால் தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். முதல் பாதி நேரம் படத்தைப் பெரிதாக்கவே வேண்டாம். நடுநடுவே படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாச் செயலியிலும் இதற்கு ஒரு பட்டன் உண்டு. அதுவரை நேராகத் தெரிந்த முகம், திருப்பியதும் கோணல் வாயோடு நிற்கும். திடுக்கிடாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான். பழக்கத்தில் மழுங்கிய கண்ணுக்குப் படம் புதிதாகத் தெரிவதால் வரும் அதிர்ச்சி அது. லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில், வரையும்போது ஒரு கண்ணாடியை வைத்து அதில் படத்தைப் பார்க்கச் சொல்கிறார். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், நமக்கு ஒரு தட்டு.

டேப்லெட் தரும் வசதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அடுக்கு, லேயர் என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வரைவதும் அழிப்பதும் மற்றதைத் தொடாது. இதை வைத்து ஒரு பயிற்சி உண்டு. எந்த ஓவிய ஆசிரியரும், நான் உட்பட, இவ்வளவு பொறுமையாக உங்களைத் திருத்த முடியாது.

மேசையில் ஒரு குவளையை வையுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, உங்கள் கண் இருக்கும் உயரத்தில் டேப்லெட்டைப் பிடித்து ஒரு புகைப்படம் எடுங்கள். எடுத்துவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காதீர்கள். குவளையை நேரில் பார்த்து வரையுங்கள். முடிந்ததும் புகைப்படத்தை ஓர் அடுக்காகக் கொண்டுவந்து உங்கள் கோடுகளுக்குக் கீழே வைத்து, வெளிறச் செய்து, அளவை மட்டும் பொருத்துங்கள். இப்போது உங்கள் கண் எங்கே ஏமாந்தது என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அநேகமாகக் குவளையின் அடிப்பக்கத்தை நேர்க்கோடாகப் போட்டிருப்பீர்கள். குவளை மேசையில் தட்டையாக நிற்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதனால் கண் பார்த்ததை மூளை திருத்திவிட்டது. உண்மையில் மேலிருந்து பார்க்கும்போது விளிம்பைவிட அடிப்பக்கம்தான் அதிகம் வளைந்து தெரியும். முகம் வரைந்தால் இதே சோதனை இன்னொன்றைக் காட்டும்: கண்களை நெற்றிப் பக்கம் ஏற்றி வைத்திருப்பீர்கள். தலையின் மொத்த உயரத்தில் கண்கள் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கின்றன. கண்ணுக்கு மேலே நமக்கு அக்கறையுள்ளது எதுவும் இல்லை என்பதால் நாமெல்லாம் அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறோம்.

புகைப்படத்தை முதலிலேயே கீழே வைத்து அதன்மேல் கோடு இழுக்கலாமே என்பீர்கள். இழுக்கலாம், கை அசைவுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் உங்களைப் பற்றி அது எதையும் சொல்லாது. நீங்கள் எங்கே தவறுகிறீர்கள், அந்தத் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். சிலருடைய தவறு எப்போதும் ஒரே பக்கம் சாயும்: எல்லாவற்றையும் நீட்டிவிடுவார்கள், அல்லது எல்லாவற்றையும் உருண்டையாக்கிவிடுவார்கள். அதைக் குறை என்று எழுதிவிட வேண்டாம். பத்துப் படங்களில் ஒரே சாய்வு தெரிந்தால், அது உங்கள் நடையின் விதையாகவும் இருக்கலாம்.

வண்ணத்துக்கும் இதேபோல் ஒரு விளையாட்டு உண்டு. வெள்ளைக் குவளையின் நிழல் விழுந்த பக்கம் என்ன நிறம்? சாம்பல் என்று சொல்லி ஒரு பொட்டு வையுங்கள். பிறகு புகைப்படத்தில் அதே இடத்தை வண்ணம் உறிஞ்சும் கருவியால் தொட்டுப் பாருங்கள். நீலம் கலந்திருக்கும், அல்லது பக்கத்தில் கிடக்கும் சிவப்புப் புத்தகத்தின் சாயல் ஏறியிருக்கும். முதலில் ஊகம், அப்புறம் சோதனை. வரிசையை மாற்றினால் பயிற்சி செத்துவிடும். கேமரா வண்ணத்தைக் கொஞ்சம் திரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் தொடக்கத்தில் நம் ஊகம் அதைவிட அதிகம் திரிந்திருக்கும். இந்த விளையாட்டில் முதல் நாளே பத்துக்கு ஏழு சரியாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்க்கோடுகூடப் போட வராதவர்கள். அவர்களுக்கு எழுத்தறிவு போல நிறமறிவு இருக்கிறது, அதை யாரும் அதுவரை சோதித்ததில்லை. கோட்டையே விட்டுவிட்டு வண்ணத் திட்டுகளால் மட்டும் வரையச் சொன்னதும் படம் எழுந்து நின்றது. இதைச் செய்வதற்கு முன்பு, கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அழகான அந்தி வானம் ஒன்றை வரைந்தேன். காலையில் பார்த்தால் அது மத்தியான வானம்.

படத்தை அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடங்கும்போதே அளவைச் சரியாக வையுங்கள். ஏ4 தாளில் தெளிவாக அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. தாள் பெரிதாகப் பெரிதாக டேப்லெட்டின் நினைவகம் திணறி, கிடைக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும். திரையில் பளிச்சென்று ஒளிரும் பச்சையும் ஊதாவும் அச்சு மையில் மங்கித்தான் வரும். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, தாளுக்கு அந்த ஒளி கிடையாது.

கலைத்திறமை என்றால் வரைவது மட்டும்தானா என்றும் யோசித்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவரின் படங்கள் மரக்கட்டை. ஆறு மாதத்தில் ஒன்றும் அசையவில்லை. சலிப்பு மாறட்டும் என்று ஃபிளிப்பாகிளிப் என்ற அசைவூட்டச் செயலியில், துள்ளும் பந்து ஒன்றைச் செய்யச் சொன்னேன். நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். முந்தைய படம் மங்கலாக அடியில் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததைப் போட வேண்டும். புதியவர்கள் பந்துகளைச் சம இடைவெளியில் வைப்பார்கள். ஓட்டினால் பந்து துள்ளாது, லிஃப்ட் போல ஏறி இறங்கும். இவர் யாரும் சொல்லாமலே உச்சியில் பந்துகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நெருக்கி, தரையை நெருங்க நெருங்க இடைவெளியை விரித்து, தரையில் படும் ஒரே ஒரு படத்தில் பந்தைத் தோசைபோல்… இல்லை, அவ்வளவு இல்லை, லேசாக நசுக்கியிருந்தார். ஓட்டினோம். பந்துக்குக் கனம் இருந்தது. ரப்பர் என்று தெரிந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவருடைய திறமை வடிவத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. காகிதத்தில் மட்டுமே வரைந்துகொண்டிருந்தால் அவரும் 'கை வராதவர்' கணக்கில்தான் போயிருப்பார். அதேபோல், ஐபேடுக்கு 2011இல் வந்த கராஜ்பேண்ட் போன்ற இசைச் செயலிகளில் விரலால் தட்டித் தாளம் அடுக்கிப் பார்ப்பதற்கு இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் அங்கேயும் தட்டிப் பாருங்கள்.

ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். திரையில் பேனாவால் வரைவது நாம் நினைப்பதைவிடப் பழைய சங்கதி. ஐவன் சதர்லாண்ட் என்ற கணினி ஆய்வாளர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒளிப்பேனாவால் கணினித் திரையில் கோடு வரைந்து காட்டியது 1963இல். ஹாக்னி 2011இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்த 51 படங்கள், மறு ஆண்டு லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைக்கூடத்தின் சுவரில் தொங்கின. 2020இல் பிரான்சின் நார்மண்டியில் வரைந்த 116 படங்கள் அடுத்த ஆண்டு அதே கலைக்கூடத்துக்கு வந்தன. நடுவில் 2018இல், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றையும் ஐபேடில்தான் வடிவமைத்தார். இவற்றைப் பிடிக்காதவர்கள் உண்டு, என்னிடமும் சிலவற்றைப் பற்றி முனகல் உண்டு. ஆனால் மரத்தைப் பார்த்தது அவர் கண், கோட்டைப் போட்டது அவர் கை. அதுவரை ஏமாற்று எதுவும் இல்லை.

நாலு சொல் தட்டினால் படம் செய்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு கதை. அவை நல்லவையா கெட்டவையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. உங்கள் கேள்வி உங்களைப் பற்றியது. அந்தப் படத்தில் நீங்கள் இல்லை. அதில் ஓட்டிப் பார்க்கப் பதிவும் இல்லை, ஏனென்றால் எந்தக் கையும் எங்கும் போகவில்லை. புரோகிரியேட் நிறுவனம் 2024இல், இப்படிப் படம் உருவாக்கும் வசதியைத் தன் செயலியில் சேர்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. வரையக் கற்றுக்கொள்பவருக்கு அது ஒரு நிம்மதி.

டேப்லெட்டால் முடியாததும் உண்டு. நீர்வண்ணம் ஈரத்தாளில் தன் போக்கில் ஓடி, நீங்கள் நினைக்காத ஓர் ஓரத்தில் காய்ந்து நிற்கும் அந்த விபத்தைச் செயலிகள் நடித்துக் காட்டுகின்றன. நடிப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் நடிப்புதான். தோளிலிருந்து கையை வீசி ஆளுயரத் தாளில் கரிக்கோடு இழுப்பதை, மணிக்கட்டு மட்டும் அசையும் சின்னத் திரை ஒருபோதும் தராது. பக்கத்தில் ஒரு மலிவான நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். சில பேர் டேப்லெட்டில் பயம் தெளிந்து, மூன்றே மாதத்தில் காகிதத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் டேப்லெட்டைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு மாதத்துக்கு என்ன செய்யலாம் என்றால், நாளுக்கு இருபது நிமிடம் போதும். முதல் இரண்டு வாரங்கள் அதே குவளையை, அதே ஒரு தூரிகையால், அன்டூ இல்லாமல் வரையுங்கள். சலிக்கும். சலித்த பிறகு கை என்ன செய்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்: சிலர் குவளையை விட்டுவிட்டு அதன் நிழலை வரையத் தொடங்குவார்கள், சிலர் மேசையின் மரவரிகளை, சிலர் கைப்பிடிக்கும் குவளைக்கும் நடுவே இருக்கும் ஓட்டையின் வடிவத்தை. மூன்றாவது வாரம் வண்ண விளையாட்டு. நான்காவது வாரம் உங்கள் இஷ்டம். பந்து துள்ளட்டும், தாளம் தட்டுங்கள். எந்தப் படத்தையும் நீக்காதீர்கள், கேவலமாக இருப்பதைக் கட்டாயம் நீக்காதீர்கள். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நாலு பேர் விருப்பக் குறி போட்ட பக்கமே கை இழுத்துக்கொண்டு போகும், அது உங்கள் கை போக நினைத்த பக்கமாக இருக்க வேண்டியதில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் வரிசையாக ஓட்டுங்கள். அழித்து அழித்துப் போட்ட இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே மூச்சில் போய், ஒன்றும் அழியாமல் நிற்கும் இடங்களை மட்டும் நிறுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டு சும்மா இருந்த நேரம் பதிவில் பெரும்பாலும் வராது, கோடு விழுந்த நேரம்தான் வரும். அதனால் முப்பது படங்களையும் பார்க்க அரை மணிகூட ஆகாது. குறித்த இடங்களில் ஒரே மாதிரியான பொருளோ அசைவோ மூன்று நான்கு முறை வந்திருந்தால், அடுத்த மாதம் அதை மட்டும் வரையுங்கள்.

தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை. இந்தப் பதிவு சில செயலிகளில் தானாக ஓடும், சிலவற்றில் நீங்கள்தான் தொடங்கிவைக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத செயலி என்றால் டேப்லெட்டின் திரைப்பதிவை ஓட விடலாம். குவளையை மேசையில் வைப்பதற்கு முன்பு அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.